சேலைக்குக் காசு உண்டு, ஆள் சம்பளத்துக்கு இல்லை

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது குருவிகுளம் ஒன்றியம். வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசியில் மழை இறங்கினால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று ஏதாவது வீடு வந்து சேரும். ஏமாற்றினால் கடன்தான் மிச்சம். தெம்புள்ளவர்கள் திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைக்கப் போய்விட்டார்கள். ஊரில் தங்கிய வயதான பெண்களுக்கும், கணவனை இழந்தவர்களுக்கும், கணவன் விட்டுப்போனவர்களுக்கும் களையெடுப்பு, தீப்பெட்டி ஆபீஸ், நூறு நாள் வேலை ஆகியவற்றை விட்டால் வேறு வருமானம் அரிது. இவர்களுக்காக இத்தகைய ஊர்களில் இயங்கும் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு வெளியூர்க்காரர்கள் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும்? அரிசிக்கும் சேலைக்கும் போவதைவிட, வீடு வீடாகப் போய் மனு எழுதி, தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போய், கையெழுத்து வாங்கும்வரை விடாமல் நிற்கும் ஒரு பணியாளரின் சம்பளத்துக்குப் போவதே மேல் என்பது என் வாதம்.

நன்கொடை தருபவர்களுக்கு இது கசப்பான யோசனை என்று தெரியும். நமக்குப் பழகிய காட்சி வேறு: பந்தல், பிளெக்ஸ் பேனர், வாடகை நாற்காலியில் பிரமுகர்கள், எதிரே காலையிலிருந்து உட்கார வைக்கப்பட்ட மூதாட்டிகள். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து வருவார்; சேலையின் ஒரு முனை கொடுப்பவர் கையிலும் மறுமுனை வாங்குபவர் கையிலும் இருக்க, இருவரும் கேமராவைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கு அரசே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை தந்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் உள்ளூர்ப் பெண் ஒருவரை வேலைக்கு வைத்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதே பணத்தில் 450 ரூபாய் சேலை 400 வாங்கலாம். அந்தப் பெண் ஓராண்டு அலைந்து 60 பேருக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வாங்கித் தந்தால், ஆண்டுக்கு 8,64,000 ரூபாய் அந்த ஊர்களுக்குள் வருகிறது. மறு ஆண்டும் வருகிறது. சேலையோ அடுத்த கோடைக்குள் நைந்துவிடும்.

உதவித்தொகை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1962 ஏப்ரலிலேயே மாதம் 20 ரூபாயுடன் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிய மாநிலம் இது. ஆதரவற்ற விதவையருக்கு 1975-இலும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986-இலும், ஐம்பது வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008-இலும் திட்டங்கள் வந்தன. ஆக, திட்டத்துக்குப் பஞ்சமில்லை. கஷ்டமெல்லாம் திட்டத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவில்தான். கைவிடப்பட்டவர் என்ற வகையில் மனுப் போட, கணவன் பிரிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவோ இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போனவன் என்றைக்குப் போனான் என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது? கணவன் இறந்தபின் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றாத பெண், விளைச்சல் பொய்த்த ஆண்டில் பயிர்க் காப்பீட்டையும் நிவாரணத்தையும் கேட்கவே வழியில்லாமல் நிற்கிறார். ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. மகன் திருப்பூரில் இருக்கிறானே என்று ஒரு கேள்வி. எல்லாம் தாண்டிப் பணம் வந்தாலும், அறுபது வருடம் களைக்கொத்தி பிடித்துத் தேய்ந்த விரல் ரேகையை வங்கி முகவரின் கருவி ஏற்க மறுக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் விதியில் வழி உண்டு. அந்த வழி தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று மூன்று படி ஏறுவதற்குள் மூன்று நாள் கூலி போய்விடும் என்று தெரிந்தவர் முதல் படியிலேயே திரும்பிவிடுகிறார்.

ஆளை அனுப்பினால் வேலை நடக்கும் என்பதற்கு அரசின் அனுபவமே சாட்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது. கொண்டுபோனவர்கள் மாத ஊக்கத்தொகை பெறும் உள்ளூர்ப் பெண்கள். 2025 ஆகஸ்டில் வந்த ‘தாயுமானவர்’ திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வாசலில் தருகிறது. தென்காசி மாவட்டத்திலேயே இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வளாகத்துக்குள் முடங்கிவிடாமல், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, மாற்றுத்திறன் குழந்தைகளின் வீட்டிலேயே சிகிச்சை கிடைக்கச் செய்தது. கேரளத்தில் மலப்புறத்தைச் சுற்றி 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்த வலிதணிப்பு சிகிச்சை வலைப்பின்னல், கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் போட்ட சில்லறைக் காசில் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பிக் காட்டியது. பிறகு உள்ளாட்சிகளே அந்தச் செவிலியர்களை நியமித்தன. இவை ஒவ்வொன்றிலும் செலவின் மையம் ஆள்தான்.

ஆனால் நம் சட்டங்களும் நன்கொடையாளர்களும் ஆளுக்குச் செலவிடுவதையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதைவிடப் பெரிய அடி, ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிரக் கூடாது என்ற தடை. நகரத்துப் பெரிய அமைப்புகள் வழியாகக் கிராமத்துச் சிறு அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் அதோடு அடைபட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். சட்டம் கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிக்குத்தான் இந்தக் கடமை. தீப்பெட்டியையும் விசைத்தறியையும் நம்பியிருக்கும் வட்டாரத்தில் அப்படி எத்தனை கம்பெனிகள் தேறும்? ஆக, குருவிகுளம் போன்ற இடங்களுக்கு மிஞ்சுவது தனிமனிதர்களின் நன்கொடை. அதுவும் ‘பொருளாகத்தான் தருவோம்’ என்றால் பணியாளருக்கு எங்கே போவது?

இது அரசின் வேலை, தொண்டு நிறுவனம் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இலும் அதுதான், இன்றும் அதுதான். தமிழ்நாட்டில் 2011-இல் 1,000 ஆன தொகை 1,200 ஆக 2023 வரை காத்திருந்தது. பக்கத்து ஆந்திரம் 2024 ஜூலையில் 4,000 ரூபாய்க்குப் போய்விட்டது. எந்த தர்ம ஸ்தாபனமும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. நான் சொல்வது அரசைத் தப்பிக்க விடுவதற்கு நேர் எதிரானது. சேலை தரும் நிறுவனம்தான் அரசுக்கு வசதியானது. அது எதையும் கேட்பதில்லை. எத்தனை மனு எந்த மேஜையில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கும் நிறுவனம் அரசைத் தப்பிக்க விடாது.

மனு எழுதித் தருகிறேன் என்று தொடங்குபவர் நாளடைவில் புரோக்கர் ஆகிவிடுவார் என்ற பயமும் வெறும் கற்பனை இல்லை. கையெழுத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர்கள் எந்த தாலுகா ஆபீஸ் வாசலில் இல்லை? சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காதவர்தான் முதலில் கை நீட்டுவார். ஆகவே இது சம்பளம் தரச் சொல்லும் காரணமே தவிர, நிறுத்தச் சொல்லும் காரணம் ஆகாது. அதோடு கண்காணிப்பும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. போட்ட மனு எத்தனை, கிடைத்தது எத்தனை, வந்த நன்கொடை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதை அங்கே வாசிக்கட்டும். காசு வாங்கினாரா இல்லையா என்பதை ஆடிட்டரைவிட ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெற்ற பிள்ளை பார்க்க வேண்டியதை ஊரார் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பார்க்காத பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் கோட்டாட்சியர் முன்னால் நின்று பெற்ற மகன் மேல் புகார் சொல்லும் தாய் நம் ஊர்களில் எத்தனை பேர்? பல வீடுகளில் மகனுக்கே திருப்பூர் வாடகை போக ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயது கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6. இளையவர்கள் வெளியேறும் கரிசல் கிராமங்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதலாகவே தெரிகிறது.

கரிசல் மண்ணிலிருந்து போய் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளிக்கு ஊரில் சேலை கொடுக்கப் பணம் திரட்டும்போது, அதில் பாதியையாவது உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் சம்பளத்துக்கென்று எழுதிக் கொடுங்கள். போட்டோ கேட்காதீர்கள், ஆறு மாதம் கழித்து, எத்தனை மனு போட்டீர்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது என்று கேளுங்கள்.