ஒரே பந்தியில் உட்காருவாரா உபதேசியார்?

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் வழியில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். சின்ன ரெயில் நிலையம் ஒன்று உண்டு. கரும்பு வயலும் நெல் வயலும் சூழ்ந்த ஊர்.

இந்த ஊரில் கிறிஸ்தவ மிஷன் அமைந்த இடத்துக்கு ஒரு காலத்தில் வேறு பெயர் இருந்தது. பெத்தானியா!

பைபிளில் வரும் கிராமம் அது. இயேசுநாதர் தம் நண்பர்கள் வீட்டில் விருந்து உண்ட கிராமம்.

இங்கே அந்தப் பெயரில் மிஷனைத் தொடங்கியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். ஏற்கனவே இருந்த மிஷனில் சண்டை போட்டுக்கொண்டு அவர் இங்கே வந்தார். என்ன சண்டை? வேதத்துக்கு எப்படி அர்த்தம் சொல்வது என்ற சண்டை அல்ல. பணச் சண்டையும் அல்ல.

சாப்பாட்டுச் சண்டை!

ஊர் ஊராகப் போய் "எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்" என்று பிரசங்கம் செய்கிறாரே உபதேசியார், அவர் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவாரா, மாட்டாரா? இதுதான் கேள்வி.

கிறிஸ்தவப் பிரசாரம் என்றால் இன்று ஒலிபெருக்கியும், பெரிய மைதானமும், டெலிவிஷனும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அதற்கு 400 ஆண்டுக் கதை உண்டு. உடை மாறியது. மொழி மாறியது. பாட்டு வந்தது. அச்சு யந்திரம் வந்தது. எத்தனை முறைகள் மாறினாலும், இந்தப் பந்திக் கேள்வி மட்டும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

காவி உடுத்த இத்தாலியர்

1606-ம் ஆண்டு மதுரைக்கு ஓர் இத்தாலியர் வந்து சேர்ந்தார். பெயர் ராபர்ட் டி நொபிலி. தத்துவ போதகர் என்பது அவருடைய தமிழ்ப் பெயர்.

அவருக்கு முன்பு வந்த பாதிரியார்களை ஜனங்கள் "பரங்கி" என்று ஒதுக்கினார்கள். நொபிலி யோசித்தார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். சந்நியாசி போல வாழ்ந்து, தேடி வந்தவர்களிடம் பேசினார்.

பிரமாதமான யோசனைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சந்நியாசியாக உயர்ந்த ஜாதியாரிடம் பழகுகிறவர், சேரிக்குள் பகிரங்கமாகப் போக முடியாது. போனால் அந்தக் கணமே மேல்ஜாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 1640 முதல் "பண்டார சுவாமிகள்" என்று இன்னொரு வகைப் பாதிரியார்கள் வந்தார்கள். இவர்கள் மற்ற ஜாதியாரிடமும், தாழ்த்தப்பட்டவர்களிடமும் பழகலாம். ஆக, ஒரே வேதம். அதைச் சொல்ல இரண்டு தினுசுச் சாமியார்கள்!

மணலில் எழுதியவர்

அடுத்த அத்தியாயம் தரங்கம்பாடி. அது அப்போது டென்மார்க் தேசத்தாரின் கோட்டை ஊர். 1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர்.

சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் படித்தார். அவருடைய முறையில் ஒரு புதுமை இருந்தது. "நான் சொல்கிறேன், நீ கேள்" என்பதோடு அவர் நிற்கவில்லை. தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பிப் பதிலும் வாங்கினார். உங்கள் சாமி யார்? கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இப்படி வந்த 99 கடிதங்களை அவரும் அவருடைய தோழர் குருண்ட்லரும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார்கள். அன்றைய தமிழர்கள் வெள்ளைக்காரரைப் பற்றி மனம்விட்டுச் சொன்ன விமர்சனங்கள் அவற்றில் இருக்கின்றன.

பிறகு அச்சுக்கூடம் வந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை. காகிதம் போதவில்லை. உடனே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு பக்கம் கத்தோலிக்கரான வீரமாமுனிவர். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில் இருக்கிறதே, அது அவர் பெயரோடு சேர்ந்த கோவில்தான். தரங்கம்பாடிக்காரர்களைத் தாக்கி அவர் தமிழில் எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பேனாச் சண்டையில் யாருக்கு வெற்றி என்பது இருக்கட்டும். தமிழ் உரைநடைக்கு லாபம்!

கடலூர் ஆறுமுகம்

இப்போது கடலூர் வாசகர்கள் பெருமைப்படக்கூடிய ஒரு பெயர்.

கடலூரில் பிறந்தவர் ஆறுமுகம். சைவ வேளாளர் குடும்பம். 1718-ல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். 1733 டிசம்பர் 28-ந் தேதி தரங்கம்பாடியில் அவருக்குப் போதகர் பட்டம் கொடுத்தார்கள். சீர்திருத்தச் சபையில் (பிராட்டஸ்டண்ட்) பட்டம் பெற்ற முதல் இந்தியப் போதகர் இவர்தான்.

வெள்ளைக்காரர் பத்து வருடம் படித்தும் வராத ஒன்று ஆரோனுக்குத் தாய்ப்பாலோடு வந்திருந்தது. எந்த ஊரில் எப்படிப் பேச வேண்டும் என்ற பக்குவம்!

அதே காலத்தில் இன்னொருவர் இருந்தார். ராஜநாயக்கன். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாய். தரங்கம்பாடியில் அச்சான வேத புத்தகத்தைத் தானே படித்து மனம் மாறி வந்தவர். தஞ்சைப் பக்கத்தில் சபைகளை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அடி உதையும் பட்டவர்.

அவருக்கும் பட்டம் கொடுக்கலாமா என்று பாதிரியார்கள் பேசினார்கள். கொடுக்கவில்லை. 1741-ல் இரண்டாவது பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. அப்போதும் ராஜநாயக்கனுக்கு இல்லை.

அவரிடம் என்ன குறை? பேச்சிலா? இல்லை. பக்தியிலா? இல்லை. அவர் தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவர். அவர் கையால் கொடுக்கும் அப்பத்தையும் ரசத்தையும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் வாங்க மாட்டார்கள்! அதே கோவிலுக்குள் உட்காரும் இடமும் ஜாதிக்கு ஜாதி தனித்தனி.

ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

பாட்டும் பந்தியும்

தமிழர்களுக்கு வெறும் பேச்சு போதாது. பாட்டு வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். கீர்த்தனை, கும்மி, குறவஞ்சி எல்லாவற்றிலும் வேதக் கதையைக் கொண்டுவந்தார். "பெத்லகேம் குறவஞ்சி" அவருடையதே. எழுத்து வாசனை இல்லாத கிழவிகூட அவர் பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடலாம். கதாகாலட்சேபம் என்ற முறை கிறிஸ்தவர்களிடம் வேரூன்றியது இவரால்தான். இவ்வளவு பெரிய கவிராயர், ஜாதி வழக்கங்களை உடனே விடவேண்டும் என்று பாதிரியார்கள் சொன்னபோது எதிர்த்து நின்றார். அதைப் பற்றி எழுதியும் வைத்தார். பாட்டில் புதுமை, பந்தியில் பழமை!

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கடுமையான உத்தரவு போட்டார். சபைக்குள் ஜாதி கூடாது. இன்றே, இப்போதே விடவேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

பிறகு 1850-ல் சென்னையில் மிஷனரிகள் கூடி ஒரு பரீட்சை வைத்தார்கள். பரீட்சை என்றால் காகிதமும் பேனாவும் அல்ல. சாப்பாடு! தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிடாதவர் ஜாதியை விடவில்லை என்று அர்த்தம்.

லீப்சிக் மிஷன் மட்டும் இதற்கு ஒப்பவில்லை. தரங்கம்பாடிச் சபைகள் அப்போது அந்த ஜெர்மானிய மிஷனிடம் இருந்தன. அதன் தலைவர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் அவர்தான். 1849 முதல் 1853 வரை இங்கே சுற்றிப் பார்த்தவர். ஜாதி என்பது உங்கள் நாட்டுச் சமூக வழக்கம், போதனையால் மெள்ள மெள்ளக் கரையட்டும், வாயில் சோற்றைத் திணித்து மனதை மாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

கிரவுல் கெட்ட மனிதர் அல்ல. வெளிநாட்டார் வந்து இந்த நாட்டு வழக்கத்தை அதட்டி மாற்றுவது சரியல்ல என்று அவர் நினைத்ததில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த "மெள்ள மெள்ள" யாருடைய செலவில் என்று ஒருவர் கேட்கவேண்டியிருந்தது.

கேட்டவர் ஓக்ஸ். பட்டம் வாங்க வரும் தமிழ் உபதேசியார் முதலில் சேர்ந்து சாப்பிட்டுக் காட்டட்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மிஷன் மறுத்தது. ஓக்ஸ் வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையை ஆரம்பித்தார். 1864-ல் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தரங்கம்பாடியை 1845-லேயே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டென்மார்க், ஒரு பாதிரியாரின் கோபத்தால் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தது! கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான்.

பேசாமல் பேசியவர்

அதற்குப் பிறகு முறைகள் பெருகின. சந்தையில் நின்று பேசுவது, சின்னச் சின்னச் சுவிசேஷப் புத்தகம் விற்பது, இரவில் திரை கட்டி விளக்குப் படம் காட்டுவது, வீட்டுக்குள் இருக்கும் பெண்களிடம் பெண்களையே அனுப்புவது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன.

இவற்றிலெல்லாம் சேராத ஒருவர் ஆன் மேரி பீட்டர்சன். டேனிஷ் மிஷன் அனுப்பி 1909-ல் வந்த பெண்மணி. காந்தியடிகளின் இயக்கம் அவர் மனதை இழுத்தது. வெள்ளைக்கார மிஷனரி காந்தி பக்கம் சாய்வதா என்று பலர் முகம் சுளித்தார்கள். 1920-ல் மிஷனை விட்டு விலகினார். சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காக சேவா மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1921-ல் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் காந்தியடிகளே!

மதப் பிரசாரம் பற்றிக் காந்திஜிக்குத் திட்டமான கருத்து உண்டு. ரோஜாப்பூ பிரசங்கம் செய்வதில்லை, வாசனை தானாகப் பரவுகிறது என்பார். பீட்டர்சன் அம்மையார் 1951-ல் மறையும் வரை அந்தப் பள்ளிக்காகவே வாழ்ந்தார். பிரசாரக் கணக்கில் அவர் பெயரில் எத்தனை பேர் என்று எழுதுவது கடினம். அவரிடம் படித்த பெண்களின் கணக்கு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 25-வது பிரிவில் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்திருக்கிறது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு விளக்கம் சொன்னது. உன் மதத்தை எடுத்துச் சொல்லலாம். இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக 2002-ல் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. பிற மாநிலங்கள் சிலவற்றில் இத்தகைய சட்டங்கள் உண்டு.

மேடையில் பேசுகிறவர்களும் கோர்ட்டில் வாதாடுகிறவர்களும் மதம் மாறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். மாறிய பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் ராஜநாயக்கன் காலத்துக் கேள்வி. அது பழங்கதை அல்ல.

உளுந்தூர்பேட்டைக்கு அருகே உள்ள எறையூரில் 2008 மார்ச் மாதம் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே கலவரம் வெடித்தது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். மற்ற ஜாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. இரு தரப்பாரும் கும்பிட்டது ஒரே மாதாவை.

இதில் அரசாங்கத்தின் கணக்கு வேறு விதம். 1950-ல் ஜனாதிபதி உத்தரவு, தாழ்த்தப்பட்டோருக்கான சலுகை இந்துக்களுக்கு மட்டுமே என்றது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் சேரவில்லை. கிறிஸ்தவத்தில் ஜாதி கிடையாதே, பிறகு எதற்குச் சலுகை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டில் மதம் மாறிய தாழ்த்தப்பட்டவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள்.

ஆக, அந்தக் குடும்பத்துப் பையன் கோவிலில் ஒரு ஜாதி. தாலுகா ஆபீசில் இன்னொன்று!

2022 அக்டோபரில் மத்திய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டது. மதம் மாறிய தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கலாமா என்று ஆராய்வது அதன் வேலை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை, கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொடுத்தால் ஏற்கனவே பட்டியலில் இருப்பவர்களின் பங்கு குறையும் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. கமிஷனின் காலக்கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. மதம் மாறியவர்களுக்கு ஜாதிக் கொடுமை மாறியதா, எந்த அளவுக்கு மாறியது என்பது அதன் விசாரணைக்கு விடப்பட்ட விஷயங்களில் ஒன்று.