நீலப்புகைக்கு யார் பொறுப்பு?

எட்டியாந்தோட்டை, இறக்குவானைத் தோட்டப் பாதைகளில் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் நீலப்புகை கக்கி ஏறினால், "பழைய வண்டி, அப்படித்தான்" என்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. குற்றம் வண்டியின் வயதில் மட்டுமன்று, ஊற்றும் ஒயிலிலும் இருக்கிறது.

இந்த எஞ்சினில் ஒயில் பெற்றோலோடு சேர்ந்தே எரிகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்று தயாரிப்பாளர் சொன்னால், லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். "கொஞ்சம் கூடினால் எஞ்சினுக்கு நல்லது" என்பது மூடநம்பிக்கை. கூடுவது புகையும் கரியும்தான். ஃபோர் ஸ்ட்ரோக் ஒயில் இதற்கு ஆகாது. படகுக்கான டிசி-டபிள்யூ3, நீரால் குளிரும் எஞ்சினுக்கு உரியது. சுமையோடு மலையேறிக் கொதிக்கும் ஸ்கூட்டருக்கு அன்று. போத்தலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்றிருக்கிறதா பாருங்கள்; அவை புகை குறைந்தவை.

டெல்லியில் 1998 இறுதியில் உதிரி ஒயில் விற்பனையே தடைசெய்யப்பட்டது. இலங்கை 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதியைத் தடுத்தது. புதியது வராமல் தடுப்பது ஒன்று. ஓடுகின்ற வண்டிக்குள் ஊற்றுவதைத் திருத்துவது வேறொன்று.

அந்தப் புகையைச் சுவாசிப்போர் கொழும்புக் கனவான்கள் அல்லர். கொழுந்து பறிக்கும் பெண்களும், இறப்பர் பால்வெட்டும் தொழிலாளரும், பாதையோரம் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுமே. நண்பர்களே, நாம் சில ரூபாய் மிச்சம்பிடிப்பது அவர்களுடைய நெஞ்சிலிருந்துதான்.