கோணல் காய்க்குப் பெட்டி தயார்! ரோட்டில் கொட்டும் தக்காளிக்கு எது வழி?

கோவை,

வளைந்த கேரட். குட்டைக் கத்தரிக்காய். ஒரு பக்கம் வெளிறிப் போன தக்காளி.

இதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, வீட்டு வாசலில் கொண்டு வந்து கொடுத்து, விலையும் குறைவு என்று சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்?

வெளிநாட்டில் இந்த வியாபாரம் நடக்கிறது. பிரான்சில் 2014-ம் ஆண்டு "இன்டர்மார்ஷே" என்ற கடைக்காரர்கள், அவலட்சணமான காய், பழங்களுக்கு என்றே தனி இடம் ஒதுக்கினார்கள். 30 சதவீதம் விலை குறைத்து விற்றார்கள்.

மறு வருடமே அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு கம்பெனி, இத்தகைய காய்களைப் பெட்டி கட்டி வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. 2016-ல் லண்டனிலும் இதே வியாபாரம் வந்தது.

செல்போனில் காய்கறி ஆர்டர் போடும் பழக்கம் கோவையிலும் பரவி விட்டது. அப்படியானால் கோணல் காய்ப் பெட்டியும் இங்கே ஓடுமா?

நுனி ஒடிக்க முடியாத நாட்கள்

கலந்த காய்ப் பை கோவைக்குப் புதிதல்ல. 2020 கொரோனா ஊரடங்கில் பல வகைக் காய்களை ஒரே பையில் போட்டு, ஒரே விலைக்கு விற்றார்கள். 2021 மே 24-ந்தேதி தொடங்கிய முழு ஊரடங்கில் அரசாங்கமே வண்டி வைத்து, தெருத் தெருவாகக் காய்கறி அனுப்பியது.

பொறுக்கி எடுக்க வழியில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க முடியவில்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க முடியவில்லை. வந்ததை வாங்கி சமைத்தார்கள். சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊரடங்கு முடிந்தது. பழையபடி நுனி ஒடிக்கத் தொடங்கி விட்டார்கள்!

கோணல் காய் எங்கே போகிறது?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் கோணல் காய் குப்பைக்குப் போகிறது. நம் ஊரில் அப்படி இல்லை.

மேட்டுப்பாளையம் ரோடு எம்.ஜி.ஆர். மொத்த மார்க்கெட்டானாலும் சரி, வேறு மண்டியானாலும் சரி, காய் வந்ததுமே ரகம் பிரிந்து விடும். பெருவெட்டாக, ஒரே அளவாக இருப்பது பெரிய கடைகளுக்குப் போகும். பொடி ரகம் மெஸ்சுக்கும், ஓட்டலுக்கும், தள்ளுவண்டிக்கும் போகும். அதிலும் கழிந்தது, பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துக் கூறு கட்டி உட்கார்ந்திருக்கும்.

பொழுது சாயச் சாய கூறு பெரிதாகும். "ஏனுங், இன்னும் ரெண்டு சேத்திப் போடுங்" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள், கூலி வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்தான். குழம்பில் நறுக்கிப் போட்ட பிறகு கோணல் என்ன, நேர் என்ன!

ஆக, இந்தக் காயைப் பெட்டியில் அடைத்தால் என்ன நடக்கும்? கூறு வாங்குகிறவர்களின் முந்தானையில் விழுவது, அடுக்குமாடி வீட்டு பிரிட்ஜுக்குப் போகும். அட்டைப் பெட்டிக் காசு, பெட்ரோல், கொண்டு வரும் பையனின் கூலி எல்லாம் சேர்ந்து மலிவுக் காய் மலிவாகவும் இருக்காது.

அமெரிக்காவிலும் இதைப் போன்ற புகார் கிளம்பியது. அந்த சான்பிரான்சிஸ்கோ கம்பெனி, 2022-ல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

கொட்டுவது நல்ல காய்!

கொங்கு நாட்டில் வீணாவது கோணல் காய் அல்ல. நல்ல காய்!

உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் விலை விழுந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்கள். சொத்தை இல்லை, அழுகல் இல்லை. அப்போதுதான் பறித்த, சிவந்த பழம்.

கணக்கு இதுதான். உடுமலை சந்தையில் ஒரு பெட்டி 14 கிலோ. கிலோ 5 ரூபாய் என்றால் பெட்டிக்கு 70 ரூபாய். அதில் பறிகூலி கொடுக்க வேண்டும். வண்டி வாடகை, ஏற்றுகூலி, கமிஷன் கொடுக்க வேண்டும். நாற்று, உரம், மருந்துச் செலவை எங்கே போய்த் தேடுவது? பறிப்பதே நஷ்டம் என்று காட்டுக்குள் மாட்டை மேய விட்டு விடுகிறார்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசாங்கம் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. விலையைப் பார்த்து எல்லாரும் தக்காளி நட்டார்கள். எல்லாக் காடும் ஒரே சமயத்தில் காய்த்தது. செப்டம்பரில் பல சந்தைகளில் விவசாயி கைக்கு வந்தது கிலோவுக்கு 10 ரூபாய் கூட இல்லை!

லூதியானாவில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. தக்காளியில் 100 கிலோவுக்கு 12 கிலோவுக்கு மேல் வீணாகிறது என்றது. அறுவடை முதல் விற்பனை வரை நடக்கும் சேதம் அது. செடியிலேயே விட்ட பழத்தை யார் எழுதி வைப்பது?

மிஞ்சிய சோற்றுக்குக் கோவை ஒரு வழி கண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்க, 2014-ல் இங்கே தொடங்கியதுதான் "நோ புட் வேஸ்ட்" அமைப்பு. ஒரு மண்டபத்துச் சோறு ஒரு வண்டியில் அடங்கும். ஒரு தாலுகாவின் தக்காளி அடங்குமா?

1999-ல் வந்த உழவர் சந்தையும் இதற்குப் போதாது. சில கூடை கொண்டு வந்து விற்றுப் போகலாம். ஏக்கர் கணக்கில் சிவந்து நிற்பதை அங்கே இறக்க முடியாது.

முதலிலேயே விலை

பெட்டியால் பலன் வர வேண்டுமானால், அது நாற்று நடும்போதே தொடங்க வேண்டும். இத்தனை வீடு, வாரம் இத்தனை கிலோ, கிலோவுக்கு இன்ன விலை என்று முதலிலேயே பேச வேண்டும். விலை ஏறினாலும் அதே விலை. இறங்கினாலும் அதே விலை.

விலை 100-க்குப் போகும்போது விவசாயி பேசிய விலைக்கே கொடுப்பாரா? மண்டிக்காரர் ரொக்கத்தோடு தோட்டத்துக்கே வந்து நிற்பாரே!

இந்தப் பக்கமும் அதே கதைதான். பெட்டித் தக்காளி கிலோ 25 ரூபாய் என்று பேசியிருப்பார்கள். அன்றைக்குப் பார்த்து வாசலில் மினி ஆட்டோ வந்து நிற்கும். "மூணு கிலோ அம்பது... மூணு கிலோ அம்பது..." என்று மைக் அலறும்.

அன்றைக்கு எத்தனை வீட்டில் அந்தப் பெட்டியை வாங்குவார்கள்?