கோடித் துணியை நனையாது தைத்தல் தகுமோ?

புதுத் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே கத்தரி வைத்தல் வேண்டுமோ, கடையினின்று கொணர்ந்தவாறே வெட்டித் தைத்துவிடலாமோ என்னும் வினா, கல்லூரி மலரில் எடுத்து ஆராய்தற்குரியதன்றெனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் பெரும்பாலும் தமது சட்டையைத் தாமே தைத்துக்கொள்ளாதவர்களாயிருப்பர். திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியிலோ நூல் நூற்றலும் ஆடை நெய்தலும் பல குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில்கள். வேடசந்தூர்ப் பக்கத்தில் நூலாலைகள் பல நிற்கின்றன. மதுரைச் சாலையிலுள்ள சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. அதனையடுத்து 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும் அவர்தம் கணவர் இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் கதர்த்தொழிலும் இடம்பெற்றது. இத்தகைய நாட்டில் வாழும் நாம் துணியின் இயல்பை அறியாதிருத்தல் அழகன்று. நனைத்தே தைத்தல் வேண்டுமென்பது என் துணிபு.

நம்மவர் கோடியை நனைக்கத் தயங்குவதற்குக் காரணமுண்டு. ஓரத்தில் மஞ்சள் தடவிக் கசங்காத மடிப்போடு உடுப்பதே கோடி. நீர்பட்டால் அது கோடியன்று. தீபாவளியிலும் திருமணத்திலும் இவ்வெண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் அதே வீட்டார் பிறந்த குழந்தையைக் கோடியிற் கிடத்தாமல், பலகால் துவைத்து மெலிந்த பழைய வேட்டியிலன்றோ கிடத்துகின்றனர்? கோடியின் விறைப்பு மேனிக்கு ஒவ்வாதென்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். ஆகவே, உடுக்கும் சேலைக்கும் வேட்டிக்கும் உரிய மங்கலத்தைக் கத்தரிபடப்போகும் துணிக்கும் ஏற்றி, அதனை நனைக்க அஞ்சுதல் பொருந்தாது.

இவ்விடத்துச் சுவிசேஷ உவமையொன்று நினைவுக்கு வருகிறது. பழைய வஸ்திரத்திற் புதுத் துண்டை இணைப்பதைப்பற்றி மத்தேயு 9-ஆம் அதிகாரத்திலும் மாற்கு 2-ஆம் அதிகாரத்திலும் நம் ஆண்டவர் உரைக்கிறார். அங்கே கிரேக்க மூலத்திலுள்ள சொல் வெறுமனே 'புதியது' என்று பொருள்படுவதன்று. வண்ணான் கைப்பட்டுப் பதப்படாத துணி என்பதே அதன் பொருள். தமிழ் வேதாகமத்தை ஆக்கியோர் அதற்குக் 'கோடித்துண்டு' என்னுஞ் சொல்லைத் தேர்ந்தது வியக்கத்தக்க பொருத்தம். உவமையின் ஆவிக்குரிய பொருளைப் போதகர்கள் விளக்குவர். அதன் உலகப் பொருளைத் தையற்காரர் ஒவ்வொருவரும் அறிவர். நனைந்து சுருங்கி முடிந்த துணியோடு இனிச் சுருங்கப்போகும் துணியைப் பிணைத்தால், பின்னது முன்னதை இழுத்துக் கிழித்துவிடும்.

சுருங்குவது ஏன்? தறியிற் பாவு நூல் முறுக்கேற இழுத்துக் கட்டப்படுகிறது. இழை அறாதிருக்கக் கஞ்சியும் ஊட்டப்படுகிறது. நெசவூர்களின் பாவடிகளில் வைகறையிற் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்ப்பதைக் கண்டோர் இதனை அறிவர். இழுபட்ட நிலையிலேயே ஊடை பாய்ந்து துணியாகிறது. பின்னர் நீர்பட்டதும் கஞ்சி கரைகிறது, இழுவை தளர்கிறது, பருத்தியிழை நீரையுண்டு பருக்கிறது. பருத்த ஊடையைப் பாவு நூல் சுற்றிவரவேண்டுதலின், அதற்கு முன்னினும் மிகுந்த நீளம் தேவைப்படுகிறது. நூல் நீளாது, ஆதலாற் துணி குறுகுகிறது. இதனாலேதான் அகலத்தைவிட நீளத்திற் சுருக்கம் பெரும்பாலும் மிகுதி. பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்குதல் இயல்பு. 36 அங்குலக் காற்சட்டைக்கு அஃது ஒன்று முதல் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரை! ஆண்டுக்கு இரண்டு உடுப்பே தைப்பிக்க இயன்ற வீட்டில் அவ்விரண்டு அங்குலம் சிறிய நட்டமன்று. மேலும் பழியோ நனையாது வெட்டியவரை விட்டு நெய்தவர்மேற் செல்கிறது. "கைத்தறி சுருங்கும்" என்று சொல்லி ஆலைத்துணிக்கு மாறிவிடுவார் எத்தனைபேர்!

ஆலைத்துணி சுருங்காமலிருப்பது அதன் பிறவிக் குணமுமன்று. அமெரிக்காவிற் சான்போர்ட் குளூவெட் என்பார் துணியை நெருக்கி முன்னதாகவே சுருக்கிவிடும் முறையைக் கண்டு 1930-ஆம் ஆண்டளவில் உரிமைப்பத்திரம் பெற்றார். 'சான்போரைஸ்' என்று துணியோரத்தில் அச்சிடுவது அவர் பெயரால் வந்ததே. நாம் வீட்டிற் செய்யவேண்டியதை எந்திரம் ஆலையிற் செய்துவிடுகிறது, அவ்வளவே.

நிற்க. துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைக்கு இவ்விதி இன்னும் கடுமையாய்ப் பொருந்தும். வங்காளத்துக் 'காந்தா'வும் நம் 'கந்தை'யும் ஒரே சொற்குடியின. பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்ட அவ்விரிப்புகளுக்கு நனைக்கும் கவலை இல்லை. ஆண்டுக்கணக்காய்த் துவைத்த துணி இனி எங்கே சுருங்கும்? இக்காலத்தார் தையற்கடையின் வெட்டுத்துணிகளைச் சேர்க்கின்றனர். கைத்தறி ஒருவாறு சுருங்கும், ஆலைத்துணி வேறொருவாறு சுருங்கும், பாலியெஸ்டரோ சுருங்காதென்றே சொல்லலாம். மூன்றையும் நனையாது பிணைத்தால், முதற்சலவையிலேயே போர்வை வறண்ட குளத்து வண்டல்போல மேடும் பள்ளமுமாகிவிடும். மேனாட்டுப் பெண்டிருட் சிலர் அச்சுருக்கத்தையே அழகென விரும்பி, வேண்டுமென்றே நனையாமற் தைக்கின்றனராம். முழுதும் ஒரே வகைத் துணியாயின் அஃது அழகாயிருத்தலும் கூடும், மறுக்கவில்லை. துண்டுகளை அப்படியே நீரிலிட்டால் ஓரம் பிரிந்து நூல் சிக்காகுமே என்பார்க்கு, அவற்றை ஒரு பையிலிட்டு வாய்கட்டி நனைக்க என்பதே விடை. விறைப்பில்லாத துணி கத்தரிக்கு வளைந்து கொடுக்காதென்பது மெய். நீர்த்த கஞ்சியில் தோய்த்துப் பெட்டி போட்டால் அக்குறையும் தீரும்.

சாயத்தின் கதை வேறு. கருஞ்சிவப்புச் சுங்குடித் துண்டை வெள்ளை மல்லோடு தைத்துப் பின் துவைப்பவர் இளஞ்சிவப்பு மல்லையே காண்பர். கல்லுப்பிட்ட நீரில் ஊறவைத்தாற் சாயம் நிலைக்கும் என்பர். சாயத்தொட்டியில் நிறம் இழையிற் பற்ற உப்பு உதவுமேயன்றி, பற்றாது எஞ்சிய நிறத்தைப் பின்னர் நிலைநிறுத்தாது. நீர் தெளியுமட்டும் அலசுவதே வழி. இதனைச் சொல்லாது விட்டதன் விளைவு 1958-ஆம் ஆண்டிற் கடல்கடந்தும் தெரிந்தது. நம் 'மதராஸ்' கட்டத்துணி அமெரிக்காவுக்குச் சென்றபோது, குளிர்ந்த நீரில் தனியே அலசவேண்டுமென்னும் எச்சரிக்கை வாங்கியோரை எட்டாமையால், சாயம் ஓடி வழக்குப் பேச்சுவரை சென்றதென்பர். பின்னர் வணிகர் 'சாயம் ஓடுவது உறுதி' என்பதையே விளம்பரமாக்கிக் குறையைப் புகழாக மாற்றினர். அந்தச் சாமர்த்தியம் சின்னாளப்பட்டி நெசவாளிக்குக் கிட்டுவதில்லை.

நீருக்கு எங்கே போவது என்று திண்டுக்கல்லார் கேட்பது நியாயமே. ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பார்த்துக் குடத்தை எண்ணும் ஊர் இது. ஆயினும் நனைத்தற்குச் சோப்பு வேண்டா. கடின நீரில் அது நுரையாமல் துணியிற் படிந்து நிற்கும். நாலைந்து முழத் துணிக்கு ஒரு குடம் நீர் போதும். சாயம் ஓடாத வெள்ளைத்துணியாயின் அக்கஞ்சி நீரை முருங்கைக்கு ஊற்றலாம். இரவில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் சிறிதிருக்கையிலேயே பாவின் வழியே பெட்டி போடுதல் நன்று. பட்டையும், சான்போரைஸ் முத்திரை பெற்ற துணியையும் இவ்வாறு நனைக்கவேண்டுவதில்லை.

தையற்கடைகளில் இதனை எதிர்பார்த்தல் அரிது. உருப்படிக்கு இவ்வளவென்று கூலி பெறுவோர்க்கு ஓரிரவு காத்திருத்தல் இழப்பாகும். எனவே விற்குமிடத்திலேயே இது தொடங்கவேண்டும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நிலையங்கள், அளந்து கொடுக்கும் ஒவ்வொரு துணியோடும் அது நனைத்ததா நனையாததா, கெஜத்துக்கு எத்தனை அங்குலம் சுருங்கும், சாயம் எத்தனை அலசலில் தெளியும் என்பனவற்றைத் தமிழிற் சீட்டெழுதித் தந்தால், வாங்குவோர் சுருக்கத்தையும் கணக்கிட்டு அரைக்கெஜம் கூடுதலாக வாங்குவர். நெய்தவர்க்கும் அவ்வரைக்கெஜத்தின் கூலி சேரும்.