ஆறு வினாடி டிரம்ஸ் யாருக்குச் சொந்தம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள். இரண்டாவது மாதம் அதே பாட்டை வெட்ட ஆரம்பிப்பார்கள். ரிங்டோனுக்காக, பிறந்த நாள் வீடியோவுக்காக, அல்லது சும்மா ஆர்வத்தில். ஆடாசிட்டி போன்ற இலவச சாப்ட்வேர் ஒன்றை நிறுவி, பைலைத் திறந்து, வேண்டிய இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி அழுத்தினால் போதும். கடிதத்தில் ஒரு பாராவைக் காபி செய்வது போலத்தான். இந்தச் சின்ன வேலைக்கு இசை உலகில் சாம்பிளிங் என்று பெயர். ஹிப் ஹாப் இசையும், எலெக்ட்ரானிக் இசையில் பெரும்பகுதியும் இதை நம்பித்தான் வளர்ந்தன.

"இது திருட்டுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் "அப்படியானால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அதற்கும் தலையாட்ட மாட்டேன். விஷயம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு பார்ட்டியில் ரெக்கார்டுகளைச் சுழலவிட்டார். பாட்டில் எல்லா வாத்தியங்களும் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் வரும்போது ஆடுபவர்கள் குஷியாவதை அவர் கவனித்திருந்தார். அந்த இடமோ சில வினாடிகளில் முடிந்துவிடும். எனவே ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றொன்றில் தொடங்கி, டிரம்ஸை நீட்டிக்கொண்டே போனார். இன்று நாம் 'லூப்' என்ற பட்டனை அழுத்திப் பெறுவதை அவர் இரண்டு கைகளால் செய்தார். அவ்வளவுதான்!

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1987-ல் வந்த இ-மூ எஸ்.பி. 1200 என்ற கருவியில் மொத்தமே 10 வினாடி ஒலியைத்தான் பதிய முடியும். பையன்கள் சும்மா இருப்பார்களா? 33 சுற்று ரெக்கார்டை 45 சுற்று வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்தார்கள். குறைந்த நேரத்தில் நிறைய ஒலி உள்ளே போய்விடும். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யும்போது ஒலி கொஞ்சம் கரகரப்பாகும். அந்தக் கரகரப்பே பின்னால் ஹிப் ஹாப்பின் அடையாளமாகிவிட்டது. மெமரி பற்றாக்குறையால் பிறந்த ஓசை அது! ஜிபி கணக்கில் மெமரி வைத்துக்கொண்டு "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது அந்த ஆறு வினாடிக்கு வருவோம். 1969-ல் த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு ரெக்கார்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் 'அமென், பிரதர்' என்ற வாத்திய இசை. அதன் நடுவில் கிரெகரி கோல்மேன் என்பவர் ஆறேழு வினாடி தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். சி.டி. தரத்தில் வேவ் பைலாகச் சேமித்தால் ஏறக்குறைய ஒரு எம்.பி.தான் வரும். 1986-ல் டி.ஜே.க்களுக்கான ஒரு தொகுப்பு ரெக்கார்டில் இது இடம்பெற்றது. பிறகு இதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. என்.டபிள்யூ.ஏ. குழு 1988-ல் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாடலில் இதை மெதுவாக்கிப் பயன்படுத்தியது. இங்கிலாந்தில் இதையே வேகமாக்கி, துண்டு துண்டாக வெட்டி, மாற்றி அடுக்கி, ஜங்கிள் என்ற புதிய இசை வகையையே உருவாக்கினார்கள். இன்று இந்த ஆறு வினாடி ஆயிரக்கணக்கான பாடல்களில் இருக்கிறது.

இதில் கோல்மேனுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. 2006-ல், இருக்க வீடுகூட இல்லாத நிலையில் அவர் இறந்துபோனார். பாடலின் உரிமையை வைத்திருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு, இப்படி ஒன்று நடக்கிறது என்பதே 1996 வாக்கில்தான் தெரிந்தது. அதற்குள் வழக்குப் போடும் காலக்கெடு போய்விட்டது. 2015-ல் இசை ரசிகர்கள் இன்டர்நெட் மூலம் 24,000 பவுண்டு திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனசு. ஆனாலும் அது நன்கொடைதான், கூலி இல்லை.

எல்லோரும் ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால் சரியாகியிருக்குமா? இங்கேதான் சட்டத்தின் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று மெட்டும் வரியும் எழுதியவருக்கு. மற்றொன்று ரெக்கார்டிங்கின் சொந்தக்காரருக்கு, பெரும்பாலும் கம்பெனிக்கு. டிரம்ஸ் அடித்தவர் இந்த இரண்டு பட்டியலிலும் வராமல் போகலாம். 1997-ல் பப் டாடி வெளியிட்ட 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ' பாடலில் கேட்கும் கிதார் த போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் வாசித்தது. ஆனால் மூலப்பாடலை எழுதியவர் ஸ்டிங். அதனால் எழுத்தாளருக்குரிய பணம் முழுவதும் ஸ்டிங்கிற்குத்தான். நாம் கேட்டு ரசிப்பது ஒருவரின் விரல்களை. அந்தப் பணம் போவது வேறொருவருக்கு.

1991-ல் ஒரு பெரிய திருப்பம். பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார் என்று நியூயார்க்கில் வழக்கு. நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையை எழுதித்தான் தீர்ப்பையே ஆரம்பித்தார். அன்று முதல் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் விலை. பிஸ் மார்க்கி தன் அடுத்த ஆல்பத்திற்கு 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்கிற அர்த்தத்திலேயே பெயர் வைத்தார்!

நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் விளைவைப் பாருங்கள். நூறு பழைய ரெக்கார்டுகளிலிருந்து நூறு துணுக்குகளைச் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டுவது கட்டுப்படியாகாத வேலை ஆயிற்று. பணமுள்ள கம்பெனி ஒரே ஒரு பிரபலமான மெட்டை முழுசாக வாங்கி அதன் மேல் பேசிவிட்டுப் போவது சுலபமாயிற்று. கற்பனை அதிகம் வேண்டிய வேலைக்குத் தடை, சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ். டி ல சோல் குழுவின் 1989 ஆல்பமான 'த்ரீ பீட் ஹை அண்ட் ரைசிங்' இன்டர்நெட்டில் சட்டப்படி கேட்கக் கிடைக்கவே 2023 மார்ச் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் இருந்த சாம்பிள்களுக்கான பழைய ஒப்பந்தங்கள்தான் முக்கியத் தடை. மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12-ல் இறந்துவிட்டார்.

நம் பக்கத்துப் பாடல்களும் இந்தச் சந்தையில் உண்டு. 2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய 'அடிக்டிவ்', லதா மங்கேஷ்கர் பாடிய ஓர் இந்திப் பாடலின் மீது கட்டப்பட்டது. இசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று 2003-ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பிளாக் ஐட் பீஸ் குழு 2003-லும், ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஐ.ஏ. 2007-லும் இளையராஜாவின் இசையிலிருந்து எடுத்தார்கள். எம்.ஐ.ஏ. எடுத்தது 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' தாளம். அந்தப் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்த நமக்கே அது வேறு ஊர் ஓசையாகக் கேட்கும். ஒரிஜினல் என்று நான் சொல்வது இதைத்தான். வெட்டியதில் இல்லை, வெட்டிய பிறகு செய்ததில்தான் எல்லாம் இருக்கிறது. டி.ஜே. ஷேடோ 1996-ல் முழுக்க முழுக்க சாம்பிள்களாலேயே ஓர் ஆல்பம் செய்தார். அதைக் கேட்டு 'சொந்தச் சரக்கு இல்லாதவர்' என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். பாட்டிலிருந்து டிரம்ஸை மட்டும் பிரித்தெடுக்கும் சாப்ட்வேர் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. 2019-ல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் ஓர் உதாரணம். அனுமதியோடு வரும் ரெடிமேட் லூப்களும் உண்டு. 2007-ல் ரிஹானா பாடிய 'அம்பரெல்லா' பாட்டின் டிரம்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டரில் வரும் கராஜ்பேண்ட் சாப்ட்வேரிலேயே இருந்த ஒரு லூப்தான்! ஆக, மட்டமான கருவி என்று எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம், வார்த்தைகளை டைப் செய்தால் பாட்டே தயாரித்துத் தரும் ஏ.ஐ. சேவைகள். சுனோ, யூடியோ நிறுவனங்கள் மீது 2024 ஜூனில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. எனக்கு இதில் உள்ள கவலை வேறு. சாம்பிளில் காதைத் தீட்டிக் கேட்டால் "இது கோல்மேன்" என்று கண்டுபிடிக்கலாம். ஏ.ஐ. பாட்டில் யாருடைய விரல் எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

'ஓல்ட் டவுன் ரோடு' கதையைக் கேட்டிருப்பீர்கள். 2019-ல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடம். லில் நாஸ் எக்ஸ் அதன் பின்னணி இசையை இன்டர்நெட்டில் 30 டாலருக்கு வாங்கினார். விற்ற நெதர்லாந்து இளைஞர் யங்கியோ அதை நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் 2008 ஆல்பத்திலிருந்து செய்திருந்தார். அந்த ஆல்பம் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்சில் வந்தது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது. பிறகு பேசி முடித்து, மூலக் கலைஞர்கள் இருவரின் பெயரும் சேர்க்கப்பட்டது. எனவே லூப் எதையாவது டவுன்லோட் செய்தால், கூடவே வரும் லைசென்ஸ் பைலைத் திறந்து, 'வணிகமல்லாத' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள், யார் வாசித்தது என்பதை நோட்பேடில் எழுதி, பாட்டு இருக்கும் அதே போல்டரில் சேமியுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.