பயிற்றுநரும் பெருந்தலைவரும்

ஏழை நாடுகளின் கிராமங்கள் பின்தங்கியிருப்பதற்கு அங்குள்ள மக்களிடம் கூடி முடிவெடுக்கும் பழக்கம் இல்லாமையே காரணம் என்றும், உள்ளூரிலேயே சிலரைத் தேர்ந்து பயிற்றுநர்களாக்கி அவர்களுக்குச் சம்பளமும் பயணப்படியும் கொடுத்துவந்தால் அந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை உலகெங்கும் கொடையாளர்களிடையே வேரூன்றியிருக்கிறது. தலைவர் ஒருவரே ஆணையிடாமல், பெண்களும் இளைஞர்களும் வறியவர்களும் உட்பட ஊரார் அனைவரும் பேசித் தீர்மானிக்கும் முறையே பங்கேற்புத் தலைமை எனப்படுகிறது. அம்முறை விரும்பத்தக்கது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தொடாமலேயே வகுப்பெடுத்து அதைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பதே தவறு. இந்தத் தவறு சிறு அளவில் நடந்துவரும் ஒன்றும் அன்று. உலக வங்கி மட்டுமே பங்கேற்பு வழியிலான உள்ளூர் வளர்ச்சித் திட்டங்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 8,500 கோடி டாலர் ஒதுக்கியதாக அதன் ஆய்வாளர்களான கசாலா மன்சூரியும் விஜயேந்திர ராவும் 2013இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போருக்குப் பின், கிராமத்து முதியவர்களின் ஆதிக்கத்தால் ஒதுக்கப்பட்ட இளைஞர்களின் மனக்கசப்பும் அப்போருக்கு ஒரு காரணம் என்ற கருத்து வலுப்பெற்றிருந்த சூழலில், 'கோபிஃபோ' என்னும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு கிராமத்துக்கும் சுமார் 4,667 டாலர் நிதி கிடைத்தது. அதனுடன் ஊக்குநர் எனப்படும் உள்நாட்டுப் பணியாளர் ஒருவர் சில ஆண்டுகள் ஊருக்கு வந்துபோய்க் குழு அமைக்கவும், கூட்டம் நடத்தவும், பெண்களையும் இளைஞர்களையும் பேசவைக்கவும் பயிற்சி அளித்தார். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருந்தன. கேத்தரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்ட் மிகேல் ஆகிய பொருளியலாளர்கள் 236 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, மீதியை ஒப்பீட்டுக்கு வைத்து, விளைவுகளை அளந்தனர்.

கேள்வித்தாளை நீட்டி 'உங்கள் ஊரில் அனைவரும் பங்கேற்கிறார்களா' என்று கேட்டால் கேட்பவர் விரும்பும் விடையே வரும் என்பதை அறிந்திருந்த அவர்கள், அதைவிட நுட்பமான ஒரு வழியைக் கையாண்டனர். ஊருக்கு ஒரு பரிசு வரும், உப்பு வேண்டுமா மின்கலம் வேண்டுமா என்று ஊரே முடிவு செய்யலாம் என அறிவித்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், பெரியவர்கள் தனியே ஒதுங்கி முடிவெடுக்கிறார்களா, பெண்கள் வாய் திறக்கிறார்களா என்று உடனிருந்து குறித்துக்கொண்டனர். பெரிய தார்ப்பாய் ஒன்றைக் கொடுத்து, அது பொதுப் பயனுக்கு வருகிறதா என்று சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தனர். பயிற்சி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் இவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. திட்டம் கேட்டுக்கொண்ட இடத்தில் பெண்கள் கையெழுத்திட்டார்கள். திட்டம் கேட்காத இடத்தில் பழைய வழக்கமே தொடர்ந்தது. நிதியால் எழுந்த கட்டடங்களும் பொதுவசதிகளுமோ கண்கூடான நன்மை தந்தன. திட்டம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்து நடந்த மறு ஆய்விலும் பொதுவசதிகளிலும் சந்தை நடவடிக்கைகளிலும் கிடைத்த பயன் பெரிதாகவே நிலைத்திருந்தது. ஊர் நிர்வாக முறையில் தெரிந்த முன்னேற்றம் சிறிது. அதாவது, பொருளாகப் போன பணம் நின்றது, போதனையாகப் போன பணம் பெரும்பாலும் கரைந்தது.

ஏன் கரைந்தது என்பதற்கு விடை பயிற்சியின் தரத்தில் இல்லை. சியரா லியோனின் உட்பகுதியை 1896இல் காப்பரசாக அறிவித்த பிரித்தானியர், அங்கே பெருந்தலைவர்கள் எனப்பட்ட வட்டாரத் தலைவர்கள் வழியாக ஆட்சி நடத்தினர். பிரித்தானியர் ஏற்றுக்கொண்ட ஆளும் குடும்பங்களில் பிறந்தவர் மட்டுமே அப்பதவிக்குப் போட்டியிடலாம், வென்றவர் வாழ்நாள் முழுவதும் பதவியில் இருக்கலாம் என்ற விதி விடுதலைக்குப் பின்னும் மாறவில்லை. நிலத்தின் காவலரும் வரி வசூலிப்பவரும் வழக்கில் செல்வாக்குச் செலுத்துபவரும் அவரே. டேரன் அசெமோக்லு, டிரிஸ்டன் ரீட், ஜேம்ஸ் ராபின்சன் ஆகியோர் அப்போதிருந்த 149 தலைமைப் பகுதிகளை, அதாவது பெருந்தலைவர் ஆளும் பகுதிகளை, ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை இங்கே கருதத்தக்கது. ஆளும் குடும்பங்கள் குறைவாக இருந்து போட்டியும் குறைந்த பகுதிகளில் கல்வியும் சொத்துடைமையும் தாழ்ந்திருந்தன. ஆனால் அதே பகுதிகளில் கூட்டங்களுக்கு வருவோரும் சங்கங்களில் சேர்ந்தோரும் தலைவரை மதிப்பதாகச் சொன்னோரும் கூடுதலாக இருந்தனர். தலைவரைக் கட்டுப்படுத்த வேண்டிய மக்கள் அமைப்புகளைத் தலைவரே கைக்கொண்டுவிட்டார் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். கூட்டத்துக்கு வந்தோரின் எண்ணிக்கையைப் பங்கேற்பின் அளவுகோலாக அறிக்கையில் எழுதும் தொண்டு நிறுவனங்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பயிற்றுநர் உள்ளூர்க்காரர் என்பதால் மக்கள் மனத்தை அறிவார் என்ற வாதமும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அறிவார் என்பது உண்மையே. அவர் உழும் நிலமும் அவர் உறவினரின் வழக்கும் தலைவரின் தயவில் இருக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை. வெளியூரான் துணிந்து கேட்கக்கூடிய கேள்வியை அவர் விழுங்கிக்கொள்வதில் வியப்பில்லை.

சியரா லியோனின் நிலை விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது. கிழக்குக் காங்கோவில் 1,250 கிராமங்களில் ஈராண்டு மக்களாட்சி நடைமுறைகளைப் பழக்கிய 'துவுங்கானே' திட்டத்துக்குப் பின், திட்டம் நடந்தவையும் நடக்காதவையுமான 457 கிராமங்களுக்கு நிபந்தனையின்றி ஆயிரம் டாலர் கொடுத்து, அது எப்படிப் பங்கிடப்பட்டது என்று மக்கார்டன் ஹம்ஃப்ரீஸும் அவருடைய சகாக்களும் கவனித்தனர். யார் முடிவெடுத்தார், யார் சுருட்டினார் என்பவற்றில் பயிற்சியின் சுவடு எதுவும் காணப்படவில்லை.

இத்தனை சான்றுகளுக்குப் பின்னும் நம்பிக்கை தளராமல் இருப்பதற்குக் காரணம் கொடையாளரின் வசதியே. மலாவியில் நீண்டகாலம் ஆய்வு செய்த ஆன் ஸ்விட்லரும் சூசன் வாட்கின்ஸும் இதை 2009இல் தெளிவாக எடுத்துக்காட்டினர். உதவி நின்ற பிறகும் பயன் தொடர வேண்டும் என்ற 'நீடித்திருத்தல்' கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால், மருந்தும் உரமும் சம்பளமும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியவை என்பதால் தள்ளுபடியாகின்றன. ஒருமுறை கொடுத்தால் மனத்தில் தங்கிவிடும் என்று கருதப்படும் பயிற்சி மட்டுமே எஞ்சுகிறது. அதனால் பயனடைவோர் பெரும்பாலும் ஓரளவு படித்து, நிலையான வேலையின்றி, அடுத்த பயிலரங்கின் படிப்பணத்துக்கும் சான்றிதழுக்கும் காத்திருக்கும் இளைஞர்கள். அவர்களைக் குறைசொல்ல இடமில்லை, வேறு வேலை இல்லாத ஊரில் அதுவும் ஒரு வேலை. ஆனால் அதை மக்களின் எழுச்சி என்று பெயரிட்டுக் கணக்கெழுதுவது மோசடிக்கு அருகில் போய் நிற்கிறது.

பயிற்சி எங்குமே பயன் தராது என்பது இதன் பொருள் அன்று. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரர்களுக்குத் திட்டமிடும் பயிற்சி அளித்தது. அதில் மக்கள் ஊக்கத்துடன் உழைத்தும் இருக்கிறார்கள். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று அரசு முதலிலேயே முடிவு செய்துவிட்டது என்பதை மட்டும் அந்த வெற்றியைப் புகழ்வோர் மறந்துவிடுகிறார்கள். செலவழிக்கப் பணமும் முடிவெடுக்க அதிகாரமும் கையில் வந்த பிறகு, அவற்றைக் கையாளும் திறமையைக் கற்க வேண்டிய தேவை தானே எழுந்தது.

சியரா லியோனிலும் அத்தகைய வழி அடியோடு இல்லாமற் போகவில்லை. அந்நாட்டின் 2012ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டம், ஒவ்வொரு தலைமைப் பகுதியிலும் குறைந்தது ஒரு சட்டத் துணைவர், அதாவது வழக்கறிஞர் அல்லாவிட்டாலும் சட்டம் பயின்று ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லவும் சமரசம் பேசவும் கூடியவர், இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் நிறைவேறிய வழக்காற்று நில உரிமைச் சட்டமோ, குடும்ப நிலத்தைக் குத்தகைக்கு விட அக்குடும்பத்தின் வயதுவந்த ஆண், பெண் உறுப்பினர்களில் 60 விழுக்காட்டினரின் இசைவு வேண்டும் என்று விதித்து, தலைவரின் ஒற்றைத் தலையசைப்பில் நிலம் கைமாறும் வழக்கத்துக்குத் தடை போட்டிருக்கிறது. மேற்சொன்ன சட்டத் துணைவரும் உள்ளூர்க்காரர்தாம், பயிற்சி பெற்றவர்தாம். ஆனால் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து தன் இசைவைக் கேட்கவில்லை என்று சொல்லும்போது, அவள் நீதிமன்றப் படியேற உதவச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. இவருடைய சம்பளமும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய செலவு என்பதால், 'நீடித்திருத்தல்' பேசும் கொடையாளரின் பட்டியலில் இது எளிதில் இடம்பெறுவதில்லை.