ஆசிரியையின் விடுப்பும் ஊராரின் கேள்வியும்



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவந்த இடத்தில் இன்று என் உடலைப் பற்றி எழுதப்போகிறேன். எழுதலாமா வேண்டாமா எனப் பல வாரங்கள் தயங்கினேன். தயங்கிய காலம் முழுவதும் மற்றவர்கள் தயக்கமின்றிப் பேசிக்கொண்டிருந்ததால், இனி நானும் பேசுவது எனத் துணிந்தேன்.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்தார். "இரண்டாம் ஆண்டு ஆசிரியை அடிக்கடி விடுப்பு எடுக்கிறார். பிள்ளை பெற்றிருந்தால் அல்லவா பிள்ளைகளின் அருமை தெரியும்?" என்றார். மண்டபத்தில் சிலர் சிரித்தனர். மேடையில் இருந்தவர்களுள் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆசிரியை நான்தான்.

அவர் கூறியதில் முதற்பாதி உண்மை. விடுப்பு எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காமலே கதை கட்டியவர்களுக்கும் சேர்த்து இங்கே கூறிவிடுகிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் உரிய கரு ஒன்று, கழிவெண் 196 பாகை செல்சியசில், நீர்ம நைட்ரஜனுக்குள் உறைந்திருந்தது. சோதனைக்கூடத்தில் ஐந்து நாள் வளர்த்து, பின்னர் உறைய வைக்கப்பட்ட கரு. அதனை உருக்கிக் கருப்பைக்குள் சேர்ப்பதற்கு முன், கருப்பையின் உட்சுவரை மருந்தால் ஆயத்தப்படுத்த வேண்டும். கேட்பதற்கு எளிது. நடைமுறையில் அது கடிகாரத்தோடு கட்டிப்போட்ட வாழ்க்கை.

மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும். அன்றே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கும். காலை 6, பிற்பகல் 2, இரவு 10. பிற்பகல் மாத்திரையை நான் ஆசிரியர் அறையில் விழுங்கினால், "என்ன டீச்சர், சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு மாதம் தேநீரில் சீனி போடாமல் குடித்தேன்!

பன்னிரண்டாம் நாள் மீண்டும் ஸ்கேன். உட்சுவர் குறைந்தது 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பல மருத்துவர்கள் பார்க்கும் அளவு. எனக்கு 6.4 இருந்தது. மருந்தைக் கூட்டினார்கள், மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். பதினைந்தாம் நாள் 8.1. திரையில் மூன்று கோடாகத் தெரிந்த அந்தச் சுவரைக் காட்டி, "நல்ல அழகு" என்றார் தாதி. என் உடலைப் பற்றி எவரும் நல்லதாக ஒரு சொல் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது. கண் கலங்கிவிட்டது.

அதன் பின்னர்தான் புரொஜெஸ்தரோன். இந்த மருந்து தொடங்கும் நாளே கணக்கின் முதல் நாள். ஐந்து நாள் வளர்ந்த கருவுக்கு ஐந்து நாள் புரொஜெஸ்தரோன் பெற்ற கருப்பை வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் வாய்ப்புக் குறையும். வாய்வழியே அன்று, பிறப்புறுப்பின் வழியே வைக்க வேண்டிய மருந்து, காலையும் மாலையும். வைத்தபின் சற்று நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். காலை 7.30 மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டியவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தலைச்சுற்றல், மார்பு வலி, வயிற்று உப்புசம், பகல் தூக்கம் எல்லாம் அம்மருந்து தரும் கொடை. கரு தங்கிவிட்டாலும் இதே அறிகுறிகள்தாம். ஆகவே உடல் சொல்வது எதையும் நம்ப முடியாது. கருவைச் சேர்த்த பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கரு தங்கியதென்றாலும் மருந்து நிற்காது. மருந்தால் நடத்தும் சுற்றில் கருமுட்டை வெளிவருவதில்லை. எனவே புரொஜெஸ்தரோனைச் சுரக்க வேண்டிய பகுதி உடலில் உருவாவதே இல்லை. நஞ்சுக்கொடி அப்பணியை ஏற்கும்வரை, ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வாரம், மருந்துதான் அதன் வேலையைச் செய்ய வேண்டும்.

"பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளக் கூடாதா? உறைய வைத்த கரு ஓடியா போகிறது?" என்றார் ஓர் ஆசிரிய நண்பர். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. கரு காத்திருக்கும். ஆனால் கருப்பை பள்ளி நாட்காட்டியைப் பார்ப்பதில்லையே! முதல் முயற்சியை ஆண்டிறுதி விடுமுறையில்தான் திட்டமிட்டோம். மூன்று ஸ்கேனிலும் உட்சுவர் 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. சுற்றைக் கைவிட்டார்கள். விடுமுறை போயிற்று, பள்ளி திறந்தது. அடுத்த சுற்று பாட நாள்களில்தான் வந்தது.

அந்தச் சுற்றில் நான் மருத்துவமனைக்குச் சென்றது ஐந்து முறை. மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் காலையில் சென்றவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று. மேடானிலிருந்து விமானத்தில் வந்த இணையர்கள், கெடாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டவர்கள், நம்மவர்கள். ஐந்தில் மூன்று நாள், இரத்தம் கொடுத்த கையில் பஞ்சோடு, பத்தரை மணிக்குள் பள்ளிக்குத் திரும்பி எஞ்சிய பாடவேளைகளை நடத்தினேன். முழுநாள் விடுப்பு இரண்டே இரண்டு. அவ்விரண்டுக்கும் மருத்துவச் சான்றிதழ் உண்டு. மாற்று ஆசிரியருக்குப் பயிற்சித் தாளும் வைத்துவிட்டுத்தான் போனேன்.

டிங்கிக் காய்ச்சலில் ஓர் ஆசிரியர் பத்து நாள் படுத்திருந்தால் பழக்கூடை வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். போகவும் வேண்டும். அவரிடம் எவரேனும், "கொசு கடித்தது உங்கள் பக்கமா, உங்கள் வீட்டுக்காரர் பக்கமா?" என்று கேட்கிறோமா? என்னிடம் கேட்டார்கள். "குறை யாரிடம்?" என்று, நகல் எடுக்கும் இயந்திரத்தின் அருகே, கையில் தேர்வுத் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். குழந்தைப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதி இணையர்களிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. எனினும் என் கணவரை அவருடைய தொழிற்சாலையில் இன்றுவரை ஒருவரும் இக்கேள்வி கேட்டதில்லை. உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கிறார் என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அப்படியாயின், முப்பது ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் ஓர் அறையில் அக்கேள்வி எத்தனை பேர் நெஞ்சில் தைக்கும்?

அறிவுரைக்கும் குறைவில்லை. கருவைச் சேர்த்த மறுநாள் வகுப்புக்குப் போக இரண்டாம் மாடி ஏறியபோது, "படி ஏறாதே அம்மா, இறங்கிவிடும்" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். இன்னொருவர், "தண்ணீர்மலைப் படியை ஏறி முருகனிடம் முறையிடு, உடனே தங்கும்" என்றார். பள்ளிப் படி ஆகாது. மலையின் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஆகுமாம். இருவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்துபவர்கள்! முருகனை நானும் வணங்குபவள்தான். ஆனால் கருவைச் சேர்த்தபின் படுத்தே கிடப்பதால் வாய்ப்புக் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன; நடமாடலாம் என்று மருத்துவரே சொன்னார். அன்னாசி, பப்பாளி, குளிர்ந்த நீர் என்று ஆளுக்கொன்று தடை விதிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுற்று தோற்றுவிட்டால், "நான் அன்றைக்கே சொன்னேனே" என்ற சொல்லாக உங்கள் அறிவுரை திரும்பி வரும். அப்பொழுது குற்றவாளி அந்தப் பெண்தான்.

அறியாமல் தீர்ப்புச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே மருத்துவத்தின் வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 சூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தார். எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3-இல், கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று உலகிற்கு அறிமுகமானது. அதற்கு வழிசெய்தவர் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. அவர் செய்தது இங்கிலாந்தில் செய்ததன் நகல் அன்று. கருவை உறைய வைத்து, 53 நாள் காத்து, பின்னொரு மாதவிலக்குச் சுற்றில் தாயின் கருப்பையில் சேர்த்தார். ஆம், நான் மேலே விவரித்த அதே முறை! உறைகருவிலிருந்து பிறந்த முதற்குழந்தை என ஆத்திரேலியாவில் ஒரு குழந்தை பதிவானது 1984-இல்தான்.

மேற்கு வங்க அரசு ஒரு குழு அமைத்தது. அத்துறையில் பட்டறிவு இல்லாதவர்கள் அமர்ந்து அவரை விசாரித்து, அவர் கூற்று பொய் எனத் தீர்மானித்தார்கள். சப்பானில் நடந்த கருத்தரங்கிற்குச் செல்ல அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1981-இல் அவரைக் கண் மருத்துவக் கழகத்திற்கு மாற்றினார்கள். கரு ஆய்வாளருக்குக் கண் மருத்துவப் பிரிவு! அவ்வாண்டு சூன் 19-ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்னும் பெயர், 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தைக்குப் போயிற்று. அந்த வெற்றிக்கு உழைத்த அறிவியலாளர் தி. சி. ஆனந்தகுமார், 1997-இல் முகர்ஜியின் குறிப்பேடுகளைத் தாமே படித்துப் பார்த்து, "முதலிடம் எனக்குரியதன்று, அவருக்குரியது" என்னும் முடிவை எழுத்தில் வெளியிட்டார். முதலில் படித்துப் பார்த்தார், பிறகு பேசினார். குழுவினர் செய்யாதது அதுதான். எங்கள் மண்டபத்தில் சிரித்தவர்களும் செய்யாதது அதுதான்.

நம் நாட்டு வருமான வரி வாரியமே நம்மைவிடப் பண்பாக நடந்துகொள்கிறது. 2020 மதிப்பீட்டு ஆண்டு முதல் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைச் செலவை மருத்துவச் செலவாக ஏற்று வரிக்கழிவு தருகிறது. ஊழியர் சேமநிதி வாரியமும் இச்சிகிச்சைக்காகச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க இடமளிக்கிறது. அவர்கள் கேட்பது பற்றுச்சீட்டும் மருத்துவர் சான்றும். குறை யாரிடம், எத்தனை ஆண்டாயிற்று, மாமியார் என்ன சொன்னார் என்று எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பாடம் தடைபடுகிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. கேளுங்கள், பயிற்சி நூலைத் திறந்து காட்டுகிறேன். தலைமையாசிரியர்களே, சான்றிதழைப் பார்த்தபின் "என்ன நோய்?" என்று பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள், மாற்று ஆசிரியர் அட்டவணையை வரையுங்கள், போதும். ஆசிரியத் தோழியரே, "விசேஷம் உண்டா?" என்னும் கேள்வியை விட்டுவிடுங்கள். விசேஷம் இருந்தால், சொல்ல வேண்டியவள் சொல்லும் நாளில் சொல்வாள்.

பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளைகளின் அருமை தெரியாது என்றாரே அந்தத் தாயார், அவருடைய மகன் ஆண்டுத் தொடக்கத்தில் 'ழ'கரத்தைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். இடைவேளையில் அவனை அருகில் அமர்த்தி, மணலில் விரலால் எழுதவைத்தேன். இப்பொழுது திருத்தமாக எழுதுகிறான். இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருந்த நாள்களிலும் அந்த இடைவேளை நின்றதில்லை.

அம்முடிவு என்னவாயிற்று என்று அறிய இதுவரை படித்து வந்தவர்கள் இருப்பீர்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. நாளை முதல் பாடவேளை சொல்வதெழுதுதல். சொற்பட்டியலை இன்னும் ஆயத்தப்படுத்தவில்லை.